கேபினெட்டை ஏமாத்தலாம், வாங்க!

பழைய ஆர்கேட் மெஷின் ஸ்கிரீன்ல உங்க பிளேஸ்டேஷன் 2 ஓடணுமா? முதல்ல அந்த கட்டிங் பிளேயரைக் கீழே வைங்க. ஒரு ஒயரைக்கூட வெட்டாம வேலையை முடிக்கலாம்!

வீட்டுக்குப் புதுசா பெரிய எல்.இ.டி. டிவி வந்தாச்சு. பரண்ல கிடந்த பிளேஸ்டேஷன் 2-ஐ ஆசை ஆசையா இறக்கி, தூசி தட்டி, மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் சொருகி டெக்கன் போடறீங்க. என்ன ஆகுது? படம் கஞ்சி போட்ட மாதிரி வழவழன்னு தெரியுது. ஹ்வோராங் உதைக்கிற உதை, நீங்க பட்டனை அமுக்கி கொஞ்ச நேரம் கழிச்சுதான் விழுது. 'கன்சோல் வயசாகிப்போச்சு போல'ன்னு நினைச்சு திரும்பப் பரணுக்கே அனுப்பிடறீங்க.

நிறுத்துங்க பாஸ்! கன்சோல் மேல தப்பு இல்லை. அது பேசற பாஷை உங்க புது டிவிக்குப் புரியலை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து கேம்கள் எல்லாமே பிக்சர் டியூபுக்காக வரையப்பட்டவை. பழைய பிளேஸ்டேஷன் கேம்கள் பெரும்பாலும் 240 கோடுகளில் படம் போடும். பிளேஸ்டேஷன் 2 கேம்கள் பெரும்பாலும் 480 கோடுகள். அதையும் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தடவைன்னு மாத்தி மாத்தி அனுப்பும். பிக்சர் டியூப் அதை வாங்கின கையோட திரையில் வரைஞ்சுடும். இன்றைய டிவி அப்படி இல்லை. வந்த கோடுகளைச் சேகரிச்சு, ஒட்டி, பெரிசாக்கி, மெருகேத்தி அப்புறம்தான் காட்டும். அந்த மேக்கப் நேரம்தான் உங்களுக்கு வில்லன்.

எவ்வளவு நேரம் பெரிசா ஆகிடப்போகுதுன்னு கேக்கறீங்களா? ஒரு ஃபிரேம்ங்கிறது ஒரு நொடியில் 60-ல் ஒரு பங்கு. டெக்கன்ல வேகமான குத்து 10 ஃபிரேம்ல வந்து விழும். டிவி அதுல 3 ஃபிரேமைச் சாப்பிட்டுட்டா, நீங்க பார்க்கும்போதே எதிராளியோட கை பாதி தூரம் வந்தாச்சு. அப்புறம் எங்கே பிளாக் பண்றது?

இதுக்கு ஒரு சூப்பர் மருந்து இருக்கு. கன்சோலை அதோட சொந்தக்கார வீட்டுக்கே அனுப்பிவைக்கிறதுதான் அது. அதாவது, ஆர்கேட் கேபினெட்!

சொந்தக்காரங்கதான், சந்தேகமே வேண்டாம்!

இது சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை. 1994-ல் வந்த முதல் டெக்கன், வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஆர்கேட்ல ஓடின கேம். அது ஓடின நாம்கோவின் 'சிஸ்டம் 11' போர்டு, பிளேஸ்டேஷனை அடிப்படையா வெச்சு செய்தது. 2001-ல் ஆர்கேட்டுக்கு வந்த டெக்கன் 4 ஓடின 'சிஸ்டம் 246' போர்டின் அடிப்படை பிளேஸ்டேஷன் 2. ஆக, நீங்க வீட்டுல வெச்சு ஆடின பெட்டியும், ஜப்பான் கேம் சென்டர்ல காசு போட்டு ஆடின மெஷினும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பிங்க.

அப்போ ஏன் நேரா சொருகினா ஓட மாட்டேங்குது? பிறந்த வீடு வேற, வளர்ந்த வீடு வேற. ஒண்ணு வரவேற்பறை டிவிக்காக வளர்ந்தது. இன்னொண்ணு கேம் சென்டர்ல வளர்ந்தது. இரண்டு பேருக்கும் நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும். அவரைத்தான் நாம இங்கே தயார் பண்ணப்போறோம்.

உதாரணத்துக்கு ஒரு மெஷினை எடுத்துக்குவோம். செகா நிறுவனம் 1993-ல் கொண்டுவந்த 'ஆஸ்ட்ரோ சிட்டி'. வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, 29 இஞ்ச் பிக்சர் டியூப், ஸ்டூல்ல உட்கார்ந்து ஆடற உயரம். பார்க்கறதுக்கு மிட்டாய் மாதிரி பளபளன்னு இருக்கறதால 'கேண்டி கேபினெட்'னு செல்லப்பேரு. பல ஆஸ்ட்ரோ சிட்டிகளுக்குள்ள இருக்கிற மானிட்டரைச் செஞ்சது ஜப்பானின் நானாவோ கம்பெனி. ஆஸ்பத்திரிகள்ல எக்ஸ்ரே பார்க்கிற மானிட்டர் விற்கிற 'ஐசோ'வைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? அதேதான். 2013-ல் பேரை மாத்திக்கிட்டாங்க.

சீப்பு மாதிரி ஒரு பிளக்

இந்த கேபினெட்டோட பெரிய அழகே, கேம் போர்டைக் கழற்றி மாத்தலாம்ங்கிறதுதான். இதுக்குக் காரணம் 'ஜம்மா'. ஜப்பான் ஆர்கேட் மெஷின் தயாரிப்பாளர்கள் சங்கத்தோட பெயர்ச் சுருக்கம் அது. 1985-ல் அவங்க எல்லாருமா சேர்ந்து, 'இனிமே எந்த கம்பெனி கேமா இருந்தாலும் ஒரே பிளக்'னு ஒரு முடிவுக்கு வந்தாங்க. இன்றைக்கு எல்லா போனுக்கும் ஒரே சார்ஜர் வேணும்னு கேக்கறோமே, அதை அவங்க அப்பவே பண்ணிட்டாங்க!

ஒரு பக்கம் 28, மறுபக்கம் 28, மொத்தம் 56 பின். ஒரு பக்கத்துக்கு எண்கள், மறுபக்கத்துக்கு ஆங்கில எழுத்துக்கள். 12-வது பின் சிவப்பு. அதுக்கு நேர் பின்னாடி இருக்கிற 'என்' பச்சை. 13 நீலம். 'பி' சிங்க். 14 வீடியோ கிரவுண்ட். கரன்ட், ஸ்பீக்கர், ஜாய்ஸ்டிக், பட்டன், காசு போடற சுவிட்ச்னு எல்லாமே இந்த ஒரே வரிசையில் வந்து நிற்கும். 7-வது பின் இருக்கிற இடத்துல ஒரு தடுப்பு இருக்கும். போர்டைத் தலைகீழாச் சொருகி எரிச்சுடக் கூடாதுன்னு ஒரு முன்ஜாக்கிரதை.

இப்போ நம்ம திட்டம் புரியுதா? கேபினெட்டுக்குள்ள கையே வைக்கப்போறதில்லை. இந்தப் பிளக்குல போய் உட்கார்ற ஒரு அடாப்டர் செய்யப்போறோம். அதுக்குப் பின்னாடி இருக்கிறது பிளேஸ்டேஷன்னு கேபினெட்டுக்குத் தெரியவே கூடாது. 'ஏதோ ஒரு கேம் போர்டு வந்திருக்கு'ன்னு அது நம்பணும். ஏமாத்து வேலைதான்; ஆனா நல்ல ஏமாத்து!

அந்த நம்பிக்கையை வாங்கறதுக்கு மூணு கேள்விக்குச் சரியா பதில் சொல்லணும்.

கேள்வி 1: என்ன வேகம்?

பிக்சர் டியூபுக்குள்ள ஓடற எலெக்ட்ரான் கதிர், நொடிக்கு எத்தனை கோடு போடுதுங்கிறதுதான் அதோட வேகம். அமெரிக்க, ஜப்பான் டிவி முறையில் நொடிக்கு 15,734 கோடு. நம்ம ஊர் பால் முறையில் 625 கோடு படம் நொடிக்கு 25. பெருக்கிப் பாருங்க, 15,625 வரும். இரண்டையும் சேர்த்து '15 கிலோஹெர்ட்ஸ்'னு சொல்லிடுவாங்க. பெரும்பாலான பழைய ஆர்கேட் மானிட்டர்களின் வேகமும் இதேதான். பிளேஸ்டேஷன் 2-ம் சாதாரணமா இதே வேகம். முதல் பரீட்சையில் பாஸ்!

ஆனா ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டர் மானிட்டரோட வி.ஜி.ஏ. வேகம் இதுக்கு இரண்டு மடங்கு, சுமார் 31 கிலோஹெர்ட்ஸ். பிளேஸ்டேஷன் 2-ல் சில கேம்கள் 'புரோகிரசிவ் ஸ்கேன் வேணுமா?'ன்னு கேட்கும். ஆசைப்பட்டு 'எஸ்' கொடுத்துடாதீங்க. 15-க்குப் பழகின மானிட்டர்ல 31-ஐ ஓட்டினா படம் கிழிஞ்சு பல துண்டா தெரியும். அப்படியே விட்டு வெச்சா ஹரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் புகைவிட்டாலும் ஆச்சரியமில்லை.

இன்னொண்ணு. பால் கேம்கள் பல 50 ஹெர்ட்ஸ்ல ஓடும். ஆர்கேட் மானிட்டர் பழகினது 60-க்கு. படம் மேலயும் கீழயும் உருண்டா வெர்டிகல் ஹோல்டைத் திருப்பணும். கேம்லயே 60 ஹெர்ட்ஸ் ஆப்ஷன் இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு அதைத் தேர்ந்தெடுங்க.

கேள்வி 2: எவ்வளவு வோல்ட்?

இங்கேதான் பல பேர் கவிழ்ந்துடறாங்க. கன்சோல்ல இருந்து வர்ற சிவப்பு, பச்சை, நீல சிக்னல் ஒவ்வொண்ணும் அதிகபட்சம் 0.7 வோல்ட். ஆர்கேட் போர்டுகள் தள்ளுறதோ அதைவிடப் பல மடங்கு. 3, 4 வோல்ட் வரைக்கும் போகும். மானிட்டரும் அந்தச் சத்தத்துக்குப் பழகினதுதான். கன்சோலை நேரா சொருகினா, மார்க்கெட்ல கிசுகிசுன்னு பேசின மாதிரி ஆகிடும். படம் வரும், ஆனா அமாவாசை இருட்டுல வரும்.

சரி, பிரைட்னஸை ஏத்திட்டா போச்சுன்னு ஸ்க்ரூடிரைவரைத் தூக்காதீங்க. கறுப்பு சாம்பலாகுமே தவிர, வெள்ளை வெள்ளையாகாது. மூணு கலருக்கும் சேர்த்து ஒரு சின்ன வீடியோ ஆம்ப்ளிஃபையர் வைக்கிறதுதான் சரி. மூணு சேனலும் ஒரே சிப்ல இருக்கிற மாதிரியே கிடைக்குது. ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிரீசெட் வெச்சுட்டா, வெள்ளையைக் கச்சிதமா வெள்ளையாக்கலாம்.

அதுக்கு முன்னாடி கன்சோல்ல ஒரு வேலை. சாதா மஞ்சள் ஒயர் இங்கே செல்லாது. ஆர்.ஜி.பி. ஒயர் வேணும். பிளேஸ்டேஷன் 2-ன் சிஸ்டம் மெனுவுக்குள்ள போய் 'கம்போனென்ட் வீடியோ அவுட்'டை 'ஆர்.ஜி.பி.'க்கு மாத்துங்க. இதை வீட்டு டிவியிலயே முடிச்சுட்டு வந்துடுங்க. அப்புறம் டிவிடி படம் போட்டா திரை பெரும்பாலும் பச்சையா தெரியும். பயப்படாதீங்க, எதுவும் கெடலை. டிவிடி படத்தை பிளேஸ்டேஷன் 2 ஆர்.ஜி.பி.யில் வெளியே விடறதில்லை.

கேள்வி 3: தாளம் யாரு போடறது?

கோடு எங்கே ஆரம்பிக்குது, படம் எங்கே முடியுதுன்னு சொல்ற தாளம்தான் சிங்க். ஆர்கேட் மானிட்டர் இதைத் தனி ஒயர்ல, சுத்தமா, 5 வோல்ட் துடிப்பா எதிர்பார்க்கும். கன்சோல் ஒயர்லயோ பெரும்பாலும் சிங்க் தனியா வராது; வீடியோ சிக்னலோட கலந்துதான் வரும். கச்சேரியில பாட்டையும் மிருதங்கத்தையும் சேர்த்து ரிக்கார்ட் பண்ணின மாதிரி. அதுல இருந்து மிருதங்கத்தை மட்டும் பிரிச்சுத் தரணும்.

இதுக்குன்னே ஒரு எட்டுக்கால் சிப் இருக்கு: எல்.எம். 1881. ஒரு பக்கம் வீடியோவை விட்டா, மறுபக்கம் சிங்க் மட்டும் சுத்தமா வெளியே வரும். சிப்போட ஒண்ணு ரெண்டு கெபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், வேலை முடிஞ்சது. சிங்க் தப்பா போனா என்ன ஆகும்? படம் சரிஞ்சு ஓடும், இல்லைன்னா திரை முழுக்க வரிக்குதிரை. நேரா நின்னா ஜெயிச்சாச்சு!

இந்தச் சிப்புக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் கரன்ட் எங்கேயிருந்து? அதையும் கேபினெட்கிட்டயே ஓசியில் வாங்கிக்கலாம். ஜம்மாவில் 3, 4-வது பின்ல 5 வோல்ட் வருது. ஆனா பெரிய போர்டுக்குச் சோறு போட்டுப் பழகின பவர் சப்ளை அது. இத்தனூண்டு சர்க்யூட்டை மட்டும் மாட்டினா வோல்டேஜ் ஏறி இறங்கலாம். முதல்ல மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் சிப்பை மாட்டுங்க.

கையும் காதும்

படம் வந்தாச்சு. பட்டன்? ஆர்கேட் பட்டன் ரொம்ப எளிமையான ஜாதி. அமுக்கினா அந்த ஒயர் கிரவுண்டைத் தொடும், அவ்வளவுதான். பிளேஸ்டேஷனுக்கோ அதோட கன்ட்ரோலர் பாஷைதான் புரியும். அதனால பட்டன் எல்லாம் ஒரே கிரவுண்டுக்குப் போற மாதிரியான பழைய பேட் ஒண்ணைத் திறந்து, ஒவ்வொரு பட்டன் புள்ளிக்கும் ஒரு ஒயர் சோல்டர் பண்ணி ஜம்மா பின்னுக்குக் கொண்டுவரணும். 18, 19, 20, 21 முறையே மேலே, கீழே, இடது, வலது. 22-ல் இருந்து 24 வரைக்கும் மூணு பட்டன்.

ஆங்! டெக்கனுக்கு நாலு பட்டன் வேணுமே? இரண்டு கை, இரண்டு கால்! ஜம்மா சட்டப்படி ஆளுக்கு மூணுதான். ஆனா பல கேபினெட்ல 25-வது பின்னை நாலாவது பட்டனுக்குப் பயன்படுத்தியிருப்பாங்க. உங்க கேபினெட்ல அந்த ஒயர் இருக்கான்னு பாருங்க. 1991-ல் ஆறு பட்டனோட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தப்போ ஆர்கேட்காரங்களுக்கும் இதே தலைவலிதான். தனியா இன்னொரு ஒயர்க்கட்டு போட்டுச் சமாளிச்சாங்க.

சோல்டரிங் எல்லாம் நமக்கு ஆகாதுன்னா, கன்சோலை ஜம்மாவுக்கு மாத்தற அடாப்டர் போர்டுகள் ரெடிமேடாவே விற்கறாங்க.

சத்தத்தையும் மறந்துடாதீங்க. ஆர்கேட்ல ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபையர் கேம் போர்டுலயே இருக்கும். ஸ்பீக்கரை நேரா கன்சோலோட இணைச்சா ஈ மொய்க்கிற சத்தம்தான் கேட்கும். நடுவுல ஒரு குட்டி ஆடியோ ஆம்ப்ளிஃபையர் போர்டு கட்டாயம்.

ஷாக் அடிக்கிற சமாச்சாரம்!

இனி வர்றதை ஜாலியா படிக்காதீங்க, சீரியஸா படிங்க.

பெரிய பிக்சர் டியூபோட ஆனோடுல 20,000 வோல்ட்டுக்கு மேல இருக்கும். பிளக்கைப் பிடுங்கினப்புறமும் அந்தச் சார்ஜ் உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். பவர் சப்ளை பகுதியில இருக்கிற பெரிய கெபாசிட்டரும் அப்படித்தான், ஆளையே சாய்ச்சுடும். டியூபோட கழுத்துப் பகுதி மெல்லிய கண்ணாடி. ஸ்பேனர் தவறி விழுந்தாப் போதும், டியூபே காலி.

நம்ம முறையோட பெரிய லாபமே இதுதான். ஏமாத்து வேலை முழுக்கப் பிளக்குல நடக்குது. டியூப் பக்கம் கையே போகாது. படத்தோட அகலம், உயரத்தைச் சரிபண்ண பல கேபினெட்ல தனியா ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட் போர்டு வெளியே இழுத்து வெச்சிருப்பாங்க. அதோட நிறுத்திக்குங்க. அதுக்கு மேல உள்ளே போகணும்னா, பழைய டிவி மெக்கானிக் அண்ணன் ஒருத்தரைக் கூப்பிடுங்க. ஈ.எச்.டி., யோக் காயில், டிரை சோல்டர்னு இந்த பாஷையில் ஊறினவங்க அவங்க. பக்கத்துல நின்னு பார்த்தாலே பாதிப் படிப்பு முடிஞ்சுடும்.

அடுத்தது கரன்ட். ஜப்பான் கேபினெட் 100 வோல்ட்ல ஓடும். நம்ம ஊர் 230-ல் நேரா சொருகினா அன்னைக்கே கருமாதி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அமெரிக்க கேபினெட்ல இருக்கிற எலெக்ட்ரோஹோம் ஜி-07, வெல்ஸ்-கார்ட்னர் கே-4600 மாதிரி பழைய மானிட்டர்களுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் வேணும். அதோட கிரவுண்ட் நேரா மெயின்ஸோட உறவு வெச்சிருக்கும். ஐசொலேஷன் இல்லாம கன்சோலை அதோட இணைச்சா, கன்சோலும் போகும், தொட்டவரும் போவார். எல்லா ஸ்டெப்-டவுனும் ஐசொலேஷன் கிடையாது. கடையில் இதைக் கேட்டு உறுதி பண்ணிக்காம வாங்காதீங்க.

ஏன் வெட்டக் கூடாது?

'ஒயரை வெட்டி நேரா சோல்டர் பண்ணினா ஒரு மணி நேர வேலை, எதுக்கு இத்தனை சுத்து?' நியாயமான கேள்விதான். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், டியூபையே தூக்கிக் கடாசிட்டு எல்.சி.டி. மானிட்டரை வெச்சுடறாங்க. வெளியே பழைய உடம்பு, உள்ளே வேற உயிர்.

ஆனா கொஞ்சம் யோசிங்க. சோனி தன் டிரினிட்ரான் டியூப் தயாரிப்பை 2008-ல் முடிச்சுக்கிச்சு. மத்த பெரிய கம்பெனிகளும் அந்தக் காலகட்டத்துலயே ஒண்ணு ஒண்ணா கடையைக் கட்டிட்டாங்க. அந்த 29 இஞ்ச் ஆர்கேட் டியூபைப் புதுசா வார்த்துத் தர இனி ஆளில்லை. ஜப்பான்லயே கேம் சென்டர்கள் குறைஞ்சுக்கிட்டு வருது. ஆஸ்ட்ரோ சிட்டியைப் பெத்த செகாவே, கேம் சென்டர் தொழில்ல மிச்சமிருந்த பங்கையும் 2022-ல் விற்றுட்டு வெளியே வந்துடுச்சு. 2020-ல் அதே செகா கைக்கு அடக்கமா 'ஆஸ்ட்ரோ சிட்டி மினி'ன்னு ஒரு பொம்மை கன்சோல் விட்டதும், ஜப்பான்ல ஆசையா வாங்கினாங்க. பொம்மைக்கே அவ்வளவு மவுசுன்னா, ஒரிஜினலோட மதிப்பை நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

இருக்கிறது இவ்வளவுதான், இனி கூடப்போறதில்லை, குறையத்தான் போகுது. நீங்க வெட்டற ஒவ்வொரு ஒயர்க்கட்டும், தூக்கிப் போடற ஒவ்வொரு டியூபும் அந்தக் கணக்குல ஒண்ணைக் கழிக்குது. அடாப்டர் அப்படி இல்லை. நாளைக்கு ஒரு ஒரிஜினல் கேம் போர்டு கையில் கிடைச்சா, அடாப்டரைப் பிடுங்கிட்டு அதைச் சொருகலாம். உங்களுக்குப் பிறகு வாங்கறவருக்கும் கேபினெட் முழுசா போய்ச் சேரும். இரவல் வாங்கின புத்தகத்துல பேனாவால் கோடு போடாம படிக்கிற மாதிரிதான் இது.

வரிசையா செய்யுங்க!

* அடாப்டரைத் தொடறதுக்கு முன்னாடி, வேலை செய்யற கேம் போர்டு ஒண்ணைச் சொருகி மானிட்டர் நல்லா இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா குறை மானிட்டர்லயா, உங்க அடாப்டர்லயான்னு மண்டை காயும்.

* கன்சோலை மாட்டாம, பின் ஒவ்வொண்ணுலயும் என்ன வோல்ட்னு அளந்து தாள்ல எழுதிக்குங்க.

* முதல்ல சிங்க், அப்புறம் பச்சை மட்டும், அப்புறம் சிவப்பு, நீலம். ஒண்ணு சரியான பிறகுதான் அடுத்தது.

* கலர் திட்டுத் திட்டா தெரிஞ்சா மானிட்டரைத் திட்டாதீங்க. பக்கத்துல ஸ்பீக்கர் காந்தம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா டீகாஸ் பண்ணினா சரியாகும்.

* பாஸ் போட்டுட்டு சாப்பிடப் போயிடாதீங்க. அசையாத படம் மணிக்கணக்கா நின்னா டியூப்ல நிரந்தரமா பச்சை குத்தின மாதிரி பதிஞ்சுடும்.

* பிளேஸ்டேஷன் 4, ஸ்விட்ச் மாதிரி எச்.டி.எம்.ஐ. மட்டுமே இருக்கிற கன்சோல்களுக்கு இந்த அடாப்டர் சரிப்படாது. தனியா கன்வெர்ட்டர் வெச்சுப் படத்தைச் சுருக்கணும். சுருக்கினாலும் குட்டி எழுத்தைப் படிக்க பூதக்கண்ணாடி தேவைப்படும்!

ஆர்கேட் கேபினெட்டுக்கு எங்கே போறதுன்னு பெருமூச்சு விடறீங்களா? அப்போ வீட்டு மூலையைப் பாருங்க. 2006-ல் ஆரம்பிச்ச திட்டத்துல தமிழக அரசு கொடுத்த 14 இஞ்ச் இலவச கலர் டிவி எங்கேயாவது கிடக்குதா? அதுவும் அதே 15 கிலோஹெர்ட்ஸ் குடும்பம்தான், சைஸ்தான் சின்னது. மஞ்சள் ஒயரையே சொருகிப் பாருங்க. ஆர்.ஜி.பி. அளவுக்குக் கூர்மை இருக்காது. ஆனா நீங்க அமுக்கின அந்தக் கணமே ஹ்வோராங் உதைப்பார். பழைய இரும்புக்காரர் தெருவுக்குள்ள வர்றதுக்குள்ள அதைக் காப்பாத்திடுங்க பாஸ்!